எள்ளப்பட்டவன் எள்ளுவோன் ஆனபோது: 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' திரைப்படத்தை முன்வைத்து

முன்னுரை

நகைச்சுவை நடிகர் வடிவேலு தலைமைப் பாத்திரம் ஏற்க, சுராஜ் இயக்கத்தில் லைக்கா நிறுவனம் தயாரித்த 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' என்னும் திரைப்படம் 2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் வெளிவந்தது. 2017இல் வெளிவந்த 'மெர்சல்' படத்துக்குப் பின் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் திரையில் காணப்பெறாத ஒரு கலைஞரின் மறுவருகை என்பதால், தமிழ்நாட்டில் மட்டுமன்றி மலேசியத் தமிழரிடையேயும் இப்படத்துக்குப் பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. படம் அவ்வெதிர்பார்ப்பை நிறைவு செய்யவில்லை என்பதைப் பார்த்தோர் அனைவரும் ஏற்பர். ஏன் நிறைவு செய்யவில்லை என்பது மட்டும் இன்னும் முறையாக ஆராயப்படவில்லை.

இப்படத்தை நாம் ஈப்போ நகரத் திரையரங்கு ஒன்றில் கண்டோம். நம்முடன் வந்திருந்தோருள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நெடுங்காலம் பால்மரம் வெட்டிய முதியவர் ஒருவரும் இருந்தார். வடிவேலு திரையில் தோன்றிய கணத்தில், அவர் ஒரு சொல்லும் பேசுமுன்னரே அரங்கு சிரித்தது, கைதட்டியது. அரைமணி நேரத்துக்குப் பின் அவ்வரங்கில் குளிரூட்டியின் ஓசை கேட்டது. படம் முடிந்து படியிறங்கும்போது அம்முதியவர் சொன்னார்: "அவன அடிக்க ஆளே இல்லாம ஒக்கார வச்சிட்டாங்களே சார், அப்பறம் எங்கேருந்து சிரிப்பு வரும்?"

நாம் எழுத எண்ணியிருந்த மதிப்புரையைக் காட்டிலும் இக்கூற்று நுட்பமானது எனக் கருதுகின்றோம். அதனை ஓர் ஆய்வுக் கருத்தாக எடுத்துக்கொண்டு, தமிழ் இலக்கண மரபின் துணையோடும் பேராக் மாநிலத் தோட்டப்புற வாழ்வின் துணையோடும் விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகையின் இருவகை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையை எண்வகை மெய்ப்பாடுகளுள் முதலாவதாக வைக்கின்றது. எள்ளலையும் இளமையையும் பேதைமையையும் மடனையும் அதன் நிலைக்களன்களாகச் சுட்டுகின்றது. இவற்றுள் எள்ளலுக்கு உரைகண்ட பேராசிரியர் அதனை இருவகையாகப் பகுப்பார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதல் மற்றொன்று. முதல்வகையை எவரும் எளிதில் உணர்வர். தாழ்ந்தவனைக் கண்டு உயர்ந்தவன் சிரிக்கும் சிரிப்பு அது. இரண்டாம் வகையே ஆழமானது. இழிவுக்கு உள்ளானவன் அவ்விழிவையே நகைப்பொருளாக்கிக்கொள்ளும் ஆற்றல் அதில் அடங்கியுள்ளது.

மடன் என்பதற்குப் பிறர் அறிவுறுத்தியதைக் கொண்டு, கொண்டதை விடாமல் பற்றி நிற்றல் என உரையாசிரியர்கள் பொருள் கூறுவர். பிரெஞ்சு மெய்யியலாளர் என்றி பெர்க்சன் 1900இல் வெளியிட்ட சிரிப்பு பற்றிய நூலில், நகைக்குரிய மாந்தன் தன்னைத் தான் அறியாத அளவுக்கே நகைக்குரியவனாகின்றான் என்னும் கருத்தை முன்வைத்தார். இரு மரபுகளும் காலத்தாலும் இடத்தாலும் சேய்மைப்பட்டவை. ஆயினும் நகைக்குரியோன் தன் நிலையை உணராது விடாப்பிடியாக நிற்பவன் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. வடிவேலுவின் கலையை அளக்க இவ்விரு கோல்களும் போதுமானவை.

வடிவேலு கண்ட இடம்

தமிழ்த் திரையில் எள்ளப்படுபவன் புதியவன் அல்லன். 1965இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேசு ஏற்ற தருமி, பொற்கிழிக்கு ஏங்கி அவைநடுவே நாணும் ஏழைப் புலவன். 1989இல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' முதலான படங்களில் கவுண்டமணியும் செந்திலும் அமைத்த இணையில் ஒருவர் அடிப்பவர், மற்றவர் அடிவாங்குபவர். அவ்விணையில் பேச்சின் ஆட்சி பெரும்பாலும் அடிப்பவரிடமே இருந்தது. செந்திலின் கேள்வி சிறிது. கவுண்டமணியின் சினமே காட்சியின் மையம்.

1991இல் 'என் ராசாவின் மனசிலே' படத்தில் அறிமுகமான வடிவேலு, தொடக்கத்தில் அவ்விணையின் ஓரத்தில் நின்று அடிவாங்கியவரே. அவர் பின்னாளில் செய்த மாற்றம் இதுதான்: அடிவாங்குபவனுக்கே பேச்சின் ஆட்சியை அளித்தார். 2000இல் சேரன் இயக்கிய 'வெற்றிக் கொடி கட்டு' படத்தில் துபாயிலிருந்து திரும்பியதாகப் பெருமை பேசும் அவருடைய பாத்திரத்தைப் பார்த்திபன் கேள்விகளால் மடக்குகின்றார். ஒவ்வொரு கேள்விக்கும் பெருமை ஒரு படி சரிகின்றது. ஆயினும் பெருமை பேசுவதை அவன் நிறுத்துவதில்லை. கடல்கடந்து உழைத்து வெறுங்கையோடு ஊர் திரும்பியவன் எப்படித் தன் மானத்தைப் பேச்சால் போர்த்திக்கொள்வான் என்பதை அக்காட்சிகள் காட்டின. கடல்கடந்து வந்தவர்களின் பேரர்களாகிய நமக்கு அப்போர்வையின் கிழிசல் நன்கு தெரியும்.

2003இல் சுந்தர் சி. இயக்கிய 'வின்னர்' படத்துக் கைப்புள்ள இக்கலையின் நிறைவு எனலாம். வருத்தப்படாத வாலிபர் சங்கத்தின் தலைவன் அவன். எதிரியின் முன் தரையில் கோடொன்று கிழித்து, இருவரும் அதனைத் தாண்டுவதில்லை என உடன்பாடு பேசுகின்றான். வீரம் பேசும் வாயே புகலிடமும் தேடுகின்றது. அடிவாங்கித் திரும்பிய பின்னும் தன் கூட்டத்தார்முன் தலைமையை விட்டுக்கொடுப்பதில்லை. இலக்கணம் கூறும் மடன் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அண்மைக்காலத்தில் இல்லை.

2006இல் சுராஜ் இயக்கிய 'தலைநகரம்' படத்தில் வந்த நாய் சேகரும் இவ்வழியினனே. காவல்துறையினர் ரவுடிகளைப் பிடித்து வண்டியில் ஏற்றுகையில், தன்னையும் ரவுடியென ஏற்றுக்கொள்ளுமாறு மன்றாடி ஏறிக்கொள்பவன் அவன். சிறைக்குச் செல்வது தன் பேட்டையில் மதிப்பைத் தரும் என நம்புகின்றான். வன்முறை ஓர் அணிகலன் ஆகிவிட்ட சமூகத்தை இதனினும் சுருக்கமாக எள்ளிவிட முடியாது.

தோட்டமும் சிரிப்பும்

இக்கலைக்குப் பேராக் மண்ணில் கிடைத்த வரவேற்பு தற்செயலானதன்று. 1877இல் கோல கங்சாரில் நடப்பட்ட இரப்பர்க் கன்றுகளிலிருந்து ஒரு மரம் இன்றும் அங்கு நிற்கின்றது. அம்மரத்தின் வழிவந்த தோட்டங்களில் தென்னிந்தியத் தொழிலாளர் பல தலைமுறை வாழ்ந்தனர். துரை, கிராணி, கங்காணி, மண்டோர் என மேலிருந்து கீழ்நோக்கி இறங்கிய அதிகார ஏணியின் கடைசிப் படியில் பால்மரம் வெட்டியவர் நின்றார். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவது தொடங்கிப் பிற்பகலில் பால் நிறுக்கும் கொட்டகையில் எடை எழுதப்படும்வரை அவர் பிறர் கண்காணிப்புக்கு உட்பட்டவர்.

அத்தகைய வாழ்வில் எதிர்த்துப் பேசுதல் அரிது. பின்னிருந்து சிரித்தல் எளிது. துரையின் நடையையும் கிராணியின் அரைகுறை ஆங்கிலத்தையும் லயத்து முற்றத்தில் நடித்துக் காட்டும் ஒருவர் பல தோட்டங்களிலும் இருந்தார். அவர் வெறுமனே துரையை எள்ளவில்லை. துரை முன் நின்றபோது தாம் எப்படி நடுங்கினோம் என்பதையும் சேர்த்தே நடித்தார். கூடியிருந்தோர் சிரித்தது அந்நடுக்கத்தைக் கண்டே. பேராசிரியர் கூறும் இரண்டாம் வகை எள்ளல் இதுவே.

தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலம் தொட்டுத் திரைப்படம் இம்மக்களுக்குக் கூடிச் சிரிக்கும் வாய்ப்பை அளித்தது. பாயும் பலகையும் கொண்டுவந்து அமர்ந்தோரிடையே கங்காணியின் குடும்பமும் இருந்தது; கங்காணியால் ஏசப்பட்டவரின் குடும்பமும் இருந்தது. திரையில் முதலாளி ஏமாறும்போது யார் யாரைத் திரும்பிப் பார்த்தார் என்பதும் அக்காட்சியின் ஒரு பகுதியே. பின்னர் நாடாக்கள் வந்தன, வீ.சி.டி. வட்டுகள் வந்தன. 1996இல் ஆஸ்ட்ரோ துணைக்கோள் தொலைக்காட்சி தொடங்கப்பெற்று, வானவில் அலைவரிசை வழியாகத் தமிழ்த் திரை வீட்டுக் கூடத்துக்கே வந்தது.

அதற்குள் தோட்டங்களே கலைந்து கொண்டிருந்தன. 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலை எதிர்கொள்ள 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். அம்முயற்சியால் சில தோட்டங்கள் தொழிலாளர் உடைமையாயின. எனினும் இரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்ததும், தோட்ட நிலங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறியதும் தொடர்ந்தன. லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் நகர விளிம்புகளிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் குடியேறின.

வடிவேலுவின் உச்ச ஆண்டுகள் இவ்விடப்பெயர்வின் பின் வந்தவை. தோட்டத்தில் ஒருவனுடைய இடம் எது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அடுக்குமாடியில் அது தெரியவில்லை. அவ்வெற்றிடத்தில் சில இளைஞர்க்குக் குண்டர் கும்பல் ஒரு குலமாகவும் பட்டமாகவும் தோன்றியது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015இல் வெளிவந்த 'ஜகாட்' என்னும் மலேசியத் தமிழ்ப் படம் இதனைத் துயரமாகச் சித்திரித்தது. 1990களின் தொடக்கத்தில் தோட்டத்தை இழந்த குடும்பமொன்றின் சிறுவன் அவ்வழியில் இழுக்கப்படுவதை அது காட்டியது. 2016இல் நடைபெற்ற 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாக அது தெரிவு செய்யப்பெற்றது.

'ஜகாட்' துயரமாகக் காட்டிய அதே போலிப் பெருமிதத்தை வடிவேலு நகையாகக் காட்டினார். இடைநிலைப் பள்ளியில் கும்பல் தலைவனைப் போல் நடந்துவந்த மாணவனை உடன்பயில்வோர் 'கைப்புள்ள' என்று அழைத்ததையும், அவன் நடை அக்கணமே மாறியதையும் நாம் நேரில் கண்டதுண்டு. ஆசிரியரின் அறிவுரை செய்ய முடியாததை அப்பெயர் செய்தது. ஆகவே, நாய் சேகர் மீண்டும் வருகின்றான் என்ற செய்தி நமக்குப் பொழுதுபோக்குச் செய்தி மட்டுமன்று.

படத்தின் அமைப்பும் அதன் குறையும்

மீண்டு வந்தவன் யார்? ஒரு நாய் வந்தபின் செல்வம் கொழித்த குடும்பத்தின் வாரிசு. அந்நாயை வேலைக்காரன் திருடிச் செல்ல, செல்வமும் உடன் செல்கின்றது. வளர்ந்த சேகர், செல்வர் வீட்டு நாய்களைக் கடத்திப் பணம் பறிக்கும் கூட்டத்தின் தலைவனாகின்றான். தாஸ் என்னும் தாதாவின் (ஆனந்தராஜ்) நாயைக் கடத்தி அவனது பகைக்கு ஆளாகின்றான். இறுதியில் தன் குடும்பத்து நாயைத் தேடி ஐதராபாத்தில் உள்ள மேக்ஸ் என்பவனிடம் (ராவ் ரமேஷ்) செல்கின்றான்.

இக்கதையமைப்பில் மூன்று பிழைகள் உள்ளன. முதலாவது, சேகரின் பிறப்பு. 2006இன் சேகரிடம் இழப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால்தான் பட்டத்துக்கு ஏங்கினான். 2022இன் சேகர் செல்வத்தை இழந்த வாரிசு. அவன் தேடுவது மதிப்பையன்று, மரபுரிமையை. ஏழை பெருமை பேசினால் நகை பிறக்கும். உரியவன் தன் உரிமையை மீட்டால் அது வேறு வகைக் கதை. இதில் இன்னொன்றும் நோக்கத்தக்கது. வீட்டின் வளத்தைக் கவர்ந்து செல்பவன் வேலைக்காரன். ஏவல் செய்பவர் பக்கம் நின்று சிரித்த ஒரு கலை, இப்படத்தில் ஏவல் கொள்பவர் பக்கம் இடம் மாறிவிட்டது.

இரண்டாவது, சேகரின் தலைமை. அவன் இங்கு உண்மையாகவே ஒரு கூட்டத்தின் தலைவன். அவனுடைய திட்டங்கள் பலிக்கின்றன. பகட்டான உடைகளை அணிகின்றான். கைப்புள்ளயின் கூட்டத்தாருக்கும் தம் தலைவன் மீது ஐயம் இருந்தது. அவ்வையத்தை மறைக்க அவன் பட்ட பாடே காட்சியாயிற்று. இங்கு ரெடின் கிங்ஸ்லி உள்ளிட்ட உடனிருப்போர் அவன் பேசி முடிக்கக் காத்து நிற்கின்றனர். அவர்கள் பாத்திரங்களாக அன்றி ஒரு மாபெரும் கலைஞரின் முன் நிற்கும் நன்றியுள்ள இளைய நடிகர்களாகவே தோன்றுகின்றனர். மரியாதை நற்பண்பு, நகைக்காட்சியில் அது தடை.

மூன்றாவது, எள்ளலின் திசை. படத்தின் பெரும்பகுதியில் சேகர் பிறரை எள்ளுகின்றான்; உடனிருப்போரின் உருவத்தையும் பேச்சையும் பழிக்கின்றான். இரண்டாம் வகை எள்ளலின் தலைமகனை முதல்வகைக்கு மாற்றியதே இப்படத்தின் அடிப்படைப் பிழை என்போம். இதற்கு உரிய சான்று படத்துக்குள்ளேயே உள்ளது. படத்தில் ஓரளவேனும் இயல்பாகச் சிரிக்க வைப்பவர் ஆனந்தராஜ். அச்சுறுத்தும் தோற்றத்தோடு வந்து, தன் மிடுக்குக்குப் பங்கம் நேர்வதைத் தடுக்க இயலாமல் தவிக்கும் தாஸ், வடிவேலு விட்டுச்சென்ற இடத்தில் வந்து நிற்கின்றான்.

வழங்கப்படும் காரணங்கள்

இப்படத்தின் தோல்விக்கு வேறு காரணங்களும் கூறப்படுகின்றன. நீண்ட இடைவெளி அவற்றுள் ஒன்று. 2011 தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் அவர் தி.மு.க.வுக்காகப் பரப்புரை செய்தபின் வாய்ப்புகள் அருகின. 'இம்சை அரசன் 24ஆம் புலிகேசி' படப்பிடிப்பில் எழுந்த சிக்கலால் தயாரிப்பாளர் சங்கம் விதித்த தடை 2021இல்தான் நீங்கியது. இவ்விடைவெளி அவருடைய திறனை மழுங்கச் செய்தது என்பர். ஆனால் இப்படம் வெளிவந்து ஏழு திங்களுக்குள், 2023 ஜூன் 29இல், மாரி செல்வராஜின் 'மாமன்னன்' வெளிவந்தது. அதில் சட்டமன்ற உறுப்பினரான பின்னும் ஆதிக்கச் சாதித் தலைவன் முன் அமரத் துணியாத மனிதராக அவர் நடித்தார். தோளின் சாய்விலும் கண்ணின் தயக்கத்திலும் ஒரு வாழ்நாளின் இழிவு தெரிந்தது. திறன் மழுங்கவில்லை என்பதற்கு இது போதும். மேலும், அது நகைப்பாத்திரம் அன்றெனினும் அவருக்கே உரிய இடம், எள்ளப்பட்டவனின் இடம். அங்கு நின்று அவர் சிரிக்க வைத்ததும் உண்டு; இப்போது அழவைத்தார்.

சுவைஞரின் சுவை மாறிவிட்டது என்பது மற்றொரு காரணம். 2001இல் வெளிவந்த 'பிரண்ட்ஸ்' படத்தின் நேசமணி என்னும் பாத்திரம், பதினெட்டு ஆண்டுகள் கழித்து 2019 மே மாதத்தில் சமூக ஊடகங்களில் உலகளவில் பேசப்பட்டது. அப்படம் வந்தபோது பிறவாத இளையோரும் அதில் பங்கு கொண்டனர். ஆகவே சுவை மாறியது என்னும் வாதமும் நில்லாது.

நகைச்சுவை நடிகர் தலைமைப் பாத்திரம் ஏற்றலாகாது என்பது மூன்றாவது கருத்து. இதனையும் நாம் ஏற்க இயலாது. 1964இல் நாகேசு நடித்த 'சர்வர் சுந்தரம்' அக்கருத்தை முன்னரே மறுத்துவிட்டது. 2006இல் சிம்புதேவன் இயக்கிய 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் வடிவேலு அரசனாகவே நடித்து வென்றார். அரியணையில் அமர்ந்தவனாயினும் அப்புலிகேசி தன் மாமனின் கைப்பாவை. தான் பாவை என்பதை அறியாதவன். அரசனாக உயர்த்தியும் அவனை எள்ளப்படும் இடத்திலேயே அப்படம் வைத்தது. அதன்பின் வந்த 'தெனாலிராமன்' (2014), 'எலி' (2015) ஆகியவற்றில் தலைமைப் பாத்திரம் பிறரை வெல்லும் சூழ்ச்சித் திறனை நாடியபோது நகை தளர்ந்தது. 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' அத்தளர்ச்சியின் தொடர்ச்சியே.

ஒரு மறுப்பும் விடையும்

நமது கருத்துக்கு வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. அடிவாங்குபவனைக் கண்டு சிரிக்கும் பழக்கம் அடிமைத்தனத்துக்குப் பயிற்சியன்றோ? பல தலைமுறை பிறர் ஏவலில் வாழ்ந்த ஒரு சமூகம் தன் இழிவையே கொண்டாடலாமா? வடிவேலு இறுதியில் எவராலும் அடிக்கப்படாத தலைவனாக நிற்பதை நாம் வரவேற்க வேண்டாவோ?

இம்மறுப்பை நாம் எளிதாகத் தள்ளவில்லை. அவருடைய பழைய காட்சிகளிலும் பெண்களையும் நிறத்தையும் உடற்குறையையும் பழித்த பகுதிகள் உண்டு. அவற்றை வகுப்பறையில் காட்ட நாம் தயங்குகின்றோம், தயங்கவும் வேண்டும். அக்காட்சிகள் பெரும்பாலும் முதல்வகை எள்ளலைச் சார்ந்தவை என்பதும் கருதத்தக்கது.

ஆயின், கைப்புள்ளயைக் கண்டு சிரித்தவர் அடியைக் கொண்டாடவில்லை. அடிபட்ட பின்னும் எழுந்து, தூசியைத் தட்டி, பேச்சைத் தொடர்ந்தவனின் விடாமையைக் கண்டு சிரித்தனர். அச்சிரிப்பில் தன்னையே அடையாளம் காணும் தன்மை இருந்தது. 'மாமன்னன்' இன்னொரு வகையில் இம்மறுப்புக்கு விடையளிக்கின்றது. நின்றுகொண்டே இருந்தவர் ஒருநாள் அமர்வதற்கு உரிய விலை என்ன என்பதை அப்படம் கணக்கிட்டுக் காட்டியது. 'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' அவ்விலையைக் கொடுக்காமலேயே அவரை அமர வைத்துவிட்டது. முதியவர் 'உட்கார வைத்துவிட்டார்கள்' என்று கூறிய சொல்லின் பொருள் அரை ஆண்டு கழித்தே நமக்கு முழுமையாக விளங்கிற்று.

மொழியில் எஞ்சுவது

தமிழாசிரியர்களாகிய நாம் ஒரு நகைச்சுவைக் கலைஞரை மதிப்பிட இன்னோர் அளவுகோலையும் பயன்படுத்தலாம். அவர் மொழிக்கு எதனை விட்டுச் சென்றார் என்பதே அது. 'வின்னர்' படத்துச் சங்கத்தின் பெயர் 2013இல் ஒரு படத்துக்குத் தலைப்பாயிற்று. 'தலைநகரம்' படத்து நாய் சேகரின் பேச்சிலிருந்து 'நானும் ரௌடி தான்' என்பது 2015இல் மற்றொரு படத்துக்குத் தலைப்பாயிற்று. அச்சேகரின் பெயரையே 2022 ஜனவரியில் வந்த வேறொரு படம் எடுத்துக்கொண்டமையால்தான், அப்பெயருக்கு உரியவரே 'ரிட்டர்ன்ஸ்' என்னும் ஒட்டோடு வர நேர்ந்தது. இவ்வளவு ஆழமாக அவர் சொற்கள் வழக்கில் ஊன்றியிருந்தன.

பேராக் மாநிலத்திலும் இதுவே நிலை. வடிவேலுவின் மதுரை வழக்கு நம் தோட்டத்துப் பேச்சு அன்று. மலாயும் சீனமும் கலந்த நம் தெருப்பேச்சிலிருந்து அது விலகியது. ஆயினும் வீட்டில் தமிழை அரிதாகப் பேசும் பிள்ளைகளும் அவருடைய தொடர்களை முழுமையாக, ஏற்ற இறக்கத்தோடு கூறுகின்றனர். அவர்களுட் சிலருக்கு அவை பாடநூலுக்கு வெளியே மனத்தில் தங்கிய முதல் தமிழ்த் தொடர்கள். பழிப்புக்கும் கெஞ்சலுக்கும் இடையில் குரல் எவ்வாறு மாறும் என்பதை நாம் விளக்க முயன்று தோற்றபோது, ஒரு மாணவி கைப்புள்ளயைப் போல் பேசிக்காட்டி வகுப்புக்கு விளக்கினாள்.

'நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்' வெளிவந்த பின் நாம் மாணவரிடம் செவிசாய்த்துக் காத்திருந்தோம். அப்படத்திலிருந்து ஒரு தொடரும் அவர்கள் வாயில் வரவில்லை. 'அப்பத்தா' என்னும் பாடலின் மெட்டைச் சிலர் முணுமுணுத்தனர், அவ்வளவே. இதனினும் கடுமையான மதிப்புரையை எவரும் எழுதியிருக்க இயலாது.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், இப்படத்தின் தோல்வி முதுமையாலோ இடைவெளியாலோ சுவை மாற்றத்தாலோ நேர்ந்ததன்று என்பதும், ஒரு கலைஞரை அவருடைய கலை பிறக்கும் இடத்திலிருந்து பெயர்த்து எடுத்தமையால் நேர்ந்தது என்பதும் பெறப்படும். அவரை உயர்த்த வேண்டும் என்னும் அன்பே அதற்குக் காரணமாயிருத்தல் கூடும். அவ்வன்பில் நமக்கும் பங்குண்டு. அவர் பேசுமுன்னரே சிரித்த அரங்கில் நாமும் இருந்தோம். அச்சிரிப்பு அவருடைய பழைய காட்சிகளுக்கு உரியது. அதனை இப்படத்துக்கு முன்பணமாகக் கொடுத்துவிட்டோம். நினைவின் இனிமையை மதிப்பீட்டின் இடத்தில் வைப்பது சுவைஞர்க்குப் பொறுக்கத்தக்கது. திறனாய்வாளர்க்கும் ஆசிரியர்க்கும் அன்று.

2025இல் வடிவேலு மீண்டும் சுந்தர் சி.யுடன் 'கேங்கர்ஸ்' படத்திலும், பகத் பாசிலுடன் 'மாரீசன்' படத்திலும் நடித்தார். இரண்டிலும் அவருக்கு இணையாக, அவரை எதிர்கொள்ளும் ஒருவர் இருந்தார் என்பதைக் குறித்தல் தகும். அவருக்கு வேண்டியது தனி மேடையன்று, எதிரே நிற்கும் ஓர் ஆள் என்பதைத் திரையுலகம் உணரத் தொடங்கியிருக்கலாம்.

நம் மாநிலத்தில் பழைய தோட்டங்கள் பலவற்றின் பெயர்கள் இன்று சாலைப் பலகைகளிலும் பள்ளிப் பெயர்களிலும் மட்டுமே எஞ்சியுள்ளன. லயத்து முற்றத்தில் துரையின் முன் நடுங்கியதை நடித்துக் காட்டியவர்களின் பெயர்கள் அவ்வாறுகூட எஞ்சவில்லை. அவர்களுடைய நகையை ஒலிப்பதிவு செய்தோர் அரியர்; தோட்டப்புற நாட்டார் வழக்காற்று ஆய்வுகளும் பாடல்களையும் கதைகளையும் தொகுத்த அளவுக்கு நடிப்பு நகையைத் தொகுக்கவில்லை. ஒரு திரைப்படத்தின் குறையை ஆராயப் புகுந்த நமக்கு இப்பணியின் தேவையும் புலப்பட்டது. நம்முடன் படம் பார்த்த முதியவரை அடுத்த விடுமுறையில் சென்று காண எண்ணியுள்ளோம். ஒலிப்பதிவுக் கருவியை மறவாமல் எடுத்துச் செல்வோம்.